படிக்காமல் அழித்த செய்தி

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு மாடிக்கு நான்கு வீடுகள். ஒரு வீட்டின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டால் மற்ற மூன்று வீடுகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வெளியே போகிறவர் லிஃப்டில் ஏறி, அது கீழே இறங்கத் தொடங்கிய பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். வந்த புதிதில், நாங்கள் வேற்று நாட்டவர் என்பதால்தான் ஒதுங்குகிறார்கள் என்று நினைத்து மனம் நொந்திருக்கிறேன். பிறகு கவனித்தால் அவர்களுக்குள்ளும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரரை வணக்கம் சொல்லவேண்டிய கட்டாயத்துக்கு ஆளாக்காமல் இருப்பதை பின்லாந்தில் மரியாதை என்கிறார்கள். மூன்று வருடமாகத் துர்க்கு நகரத்தில் இருக்கிறேன். இப்போது நானும் கதவுக்குப் பின்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு காத்து நிற்கிறேன்.

என் கணவர் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டிங் பரிசோதகராக இருந்தவர். இங்கும் கப்பல் கட்டுகிறார்கள், அதே வேலைதான். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு வருடம் கணக்குப் பாடம் எடுத்தேன். இங்கே எனக்கு வேலை இல்லை. வாரத்தில் மூன்று நாள் மொழி வகுப்பு மட்டும். எங்கள் ஒரே மகள் அகிலா எங்களோடு வரவில்லை. வேதியியல் டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஆய்வகத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு ஸ்டேஷன் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். வா என்று நான் அழுதபோது, "அங்க வந்து நான் இன்னாம்மா பண்ணப் போறேன்? உங்கூட உக்காந்து பனியப் பாக்கறதா?" என்றாள்.

பனியைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் என்னைக் காப்பாற்றியது ஒரு வாட்ஸ்அப் குழு. பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலின் லேடீஸ் பெட்டியில் என்னோடு தினமும் போனவர்கள் சேர்ந்து தொடங்கியது அது. ஏழு மணி சீரியலைப் பற்றிப் பேசுவதற்காக என்பதால் பெயர் 'ஏழு மணி குடும்பம்'. தொடங்கியவர் செல்வியக்கா, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் பொறுப்பாளர். அவர் தன் கம்பெனிப் பெண்களையும் சேர்த்துவிட்டார். அப்படி வந்தவள்தான் மேரி, ஆரம்பாக்கத்துக்காரி, பேக்கிங்கில் ஒப்பந்தத் தொழிலாளி. அவளை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவள் படம் இருக்கவேண்டிய வட்டத்தில் ஒரு மஞ்சள் ரோஜாதான் இருக்கும். இவர்கள் எல்லாருக்கும் நான் 'டீச்சர்'.

படித்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று தெரியும். சீரியலின் கதையைவிட அதில் நடிப்பவர்களின் குடும்பங்கள்தான் எங்களுக்கு முக்கியம். நாயகி கோயிலுக்குப் போனபோது கணவன் ஏன் கூட வரவில்லை, மாமியார் ஏன் படத்தில் ஓரமாக நிற்கிறாள், குழந்தையின் பிறந்த நாளுக்கு யார் கேக் வெட்டினார்கள். ஆனால் கொஞ்ச நாள் கூர்ந்து படித்தால் வேறொன்று புரியும். நாயகியின் மாமியாரைச் செல்வியக்கா திட்டும்போது அது அவருடைய மாமியாருக்கு விழும் திட்டு. பிள்ளையைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு ஷூட்டிங் போகிறாளே என்று யாராவது எழுதினால், எழுதியவளின் பிள்ளை எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். சொந்த வீட்டுக் கதையைப் பெயர் மாற்றிச் சொல்லிக்கொள்ள அந்த நடிகர்களின் குடும்பம் எங்களுக்கு இடம் கொடுத்தது. நான்கூட அகிலாவைப் பற்றிப் புலம்பாமல், நாயகியின் அம்மாவுக்காகப் பரிந்து பேசியிருக்கிறேன்.

மீதி நேரமெல்லாம் அன்றாடப் பேஜாருகள். கரன்ட் போச்சு, தண்ணி லாரி வரல, ஆறு பத்து ரயில் அரை மணி லேட்டு, தொழிற்பேட்டைப் பக்கமிருந்து நாத்தம். இந்த நாத்தம் வாரத்துக்கு நான்கு நாள் வரும். ஒரு நாள் அழுகிய முட்டை, ஒரு நாள் சுட்ட ரப்பர், ஒரு நாள் பெயர் சொல்ல முடியாத ஒன்று. இன்னிக்கு இன்னா மெனு என்று யாராவது கேட்பார்கள். சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போவோம்.

சீரியல் ஓடும் அரை மணி நேரத்தில் இந்தப் பேஜாருகள் நடுவில் வந்து விழுந்தால் பேச்சு கலைந்துவிடும். வகுப்பறைப் பழக்கம், என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஏழிலிருந்து ஏழரை வரை சீரியல் மட்டும், மற்றதெல்லாம் பிறகு என்று நான்தான் விதி கொண்டுவந்தேன். செல்வியக்காவுக்கும் மற்றவர்களுக்கும் அந்த நேரம் கையில் அடுப்பு வேலை. எனக்கு அப்போது மாலை நான்கரை, வேலை ஒன்றும் கிடையாது. அதனால் அட்மின் பொறுப்பையும் எனக்கே கொடுத்தார்கள். விதியை மீறி வரும் செய்திகளை அழிப்பது என் வேலை. "டீச்சர் டஸ்டர் எடுத்துட்டாங்கடி" என்று செல்வியக்கா குரல் செய்தியில் சிரிப்பார். மறைக்காமல் சொல்கிறேன், அந்த அரை மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. கடையில் பால் வாங்கக்கூடத் திக்கித்திக்கிப் பேசவேண்டிய ஊரில், என் சொல் செல்லுபடியான இடம் அது ஒன்றுதான்.

கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவான சலவை அறை இருக்கிறது, பெசுதுபா என்பார்கள். அங்கே எதிர்வீட்டு ரித்வா அம்மா, ஓய்வுபெற்ற நூலகர், ஒரு நாள் என் பக்கத்தில் காத்திருந்தார். எப்போதும் போனில் என்ன படிக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாயகியும் அவள் கணவனும் பிரியப் போவதாகப் பேச்சு என்று விளக்கினேன். அவர் முகம் தீவிரமானது. உன் உறவினரா என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏறக்குறைய என்றேன். அதன்பின் சலவை அறையில் பார்க்கும்போதெல்லாம் மென்மையான குரலில் அந்தத் தம்பதியை விசாரிப்பார்.

போன மே மாதம் ஒரு நாள், பிரிகிறோம் என்று அந்த இருவரும் அறிவித்தார்கள். அன்று மாலை சீரியலை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். குழு இரண்டாகப் பிரிந்து எழுதித் தள்ளியது. நான் நாயகியின் பக்கம் நின்று நீண்ட பதில் ஒன்று தட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மேரியிடமிருந்து ஒரு செய்தி. முதல் சொற்களில் 'நாத்தம்' கண்ணில் பட்டது. அழித்தேன். இரண்டு நிமிடத்தில் இன்னொன்று வந்தது, கொஞ்சம் நீளமாக. அதையும் அழித்துவிட்டு, "மேரி, ஏழரைக்கு மேல்" என்று எழுதினேன். உடனே அவளிடமிருந்து அழைப்பு வந்தது. கோபித்துக்கொண்டு சண்டை போடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துத் துண்டித்தேன். என் பதிலை முடித்து அனுப்பினேன். பதினோரு பேர் இதயம் போட்டார்கள்.

ஏழே முக்காலுக்குச் செல்வியக்கா கூப்பிட்டார். குழுவில்தான் பேச்செல்லாம், அவர் போனில் கூப்பிடுவது அபூர்வம்.

"டீச்சர், மொதல்ல குந்துங்க. குந்திட்டீங்களா?" என்றார். "நம்ம அகிலா பாப்பா கம்பெனில கேஸ் லீக்காயிடுச்சாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிட்டாங்க. மேரி கூடத்தான் கீறா. மேரி எழுதுனத நீங்க பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. அழித்த செய்தியை அழித்தவராலும் திரும்பப் படிக்க முடியாது. நான் டஸ்டர் எடுப்பதற்கு முன்பே செல்வியக்கா இரண்டையும் படித்திருந்தார். ஆனால் அடுப்பில் குழம்பு, டீச்சர் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டாராம். முதல் செய்தியில் மேரி எழுதியது: நாத்தம் இன்று வேறு மாதிரி இருக்கிறது, கண் எரிகிறது, ஆம்புலன்ஸ் போகிறது. இரண்டாவதில்: டீச்சர், அது உங்கள் பொண்ணு கம்பெனி போலத் தெரிகிறது, போன் பண்ணிப் பாருங்கள்.

அகிலா வேலையில் சேர்ந்த முதல் நாள் நீலக் கோட்டோடு எடுத்த படத்தைக் குழுவில் போட்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்ற மேரி, கேட்டிலிருந்து நீலக் கோட்டுகள் ஓடிவருவதைப் பார்த்திருக்கிறாள். என்னிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள், கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து போனாள். அகிலா கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாளாம். ஒரு போட்டோவில் பார்த்த முகத்தை வைத்துக்கொண்டு, "நீ டீச்சர் பொண்ணுதான?" என்று கேட்டிருக்கிறாள். அவள் தலையாட்டியதும் ஆம்புலன்ஸில் தானும் ஏறிவிட்டாள்.

நான் மேரியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பாப்பா நல்லா கீது டீச்சர். மாஸ்க் வெச்சிக்கிறாங்க, மூச்சு உட்டுக்கினுதான் கீது. பேசத்தான் முடியல. நான் பக்கத்துலியே குந்திக்கினு கீறேன். நீங்க அழுவாதீங்க, போன அது காதுல வெக்கறேன், இன்னானா பேசுங்க."

என்ன பேசினேன் என்று நினைவில்லை. மறுமுனையில் காற்று உள்ளே போய் வெளியே வரும் சத்தம் மட்டும் கேட்டது.

என் கணவர் வேலை முடிந்து வரும் வழியில் இருந்தார். வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. தாழ்வாரத்துக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எதிர்க்கதவு திறந்தது. ஆள் நிற்பது தெரிந்தும் இந்தக் கட்டடத்தில் ஒரு கதவு திறந்தது அன்றுதான். ரித்வா அம்மா என் தோளில் கை வைத்து என்ன என்று கேட்டார். பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றேன். "அந்தத் தொலைக்காட்சிப் பெண்ணா?" என்றார், உண்மையான கவலையோடு. இல்லை, என் பெண், என்றேன். அவரை அறியாமல் கை வாய்க்குப் போயிற்று. உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, அங்கே வாசனை வந்ததும் யாருக்காவது தகவல் சொன்னார்களா என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன். யாருக்கு என்றார். எனக்கு என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீ அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாயா என்று கேட்டார்.

அவருக்கு எப்படி விளக்குவது? இங்கே சலவை அறையில் சோப்பு வாசனை அதிகம் என்று யாரோ ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார்கள். மறு வாரம் ஆள் வந்து குழாயை மாற்றிப் போனான். குறை சொன்னால் யாராவது வருவார்கள் என்று இவர்களுக்குத் தெரியும். அதனால் ஒரே தடவைதான் சொல்கிறார்கள், கேட்பவரும் கேட்கிறார். எங்களுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். வராதவர்களிடம் சொல்வதற்குப் பதில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொள்கிறோம். அந்தச் சிரிப்பு இல்லாமல் அங்கே காலம் தள்ளவும் முடியாது. ஆனால் உண்மையாகவே கேட்கவேண்டிய ஒரு நாள் வரும்போது அதுவும் பழைய சிரிப்பாகவே காதில் விழுந்துவிடுகிறது.

அகிலா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். விமானச்சீட்டு கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். மேரி நாஷ்டா எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த மஞ்சள் ரோஜாவுக்குப் பின்னால் என்னைவிடப் பத்து வயது சின்னவளான, ஒல்லியான ஒரு பெண் இருந்தாள். என்னை ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை என்று கேட்டேன். "இதுல இன்னா கீது டீச்சர்? நாங்கதான் தெனம் நாத்தம் நாத்தம்னு சொல்லிக்கினு கீறோம். எது நெசம்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

மகளிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் காலை, காப்பி குடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கூடவே, வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு என்றும் கெஞ்சினேன். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். குரல் இன்னும் கரகரப்பாகவே இருந்தது.

"நீ இங்க இருந்திருந்தா மட்டும் இன்னாம்மா பண்ணியிருப்ப? ஏழு மணிக்கு டிவிதான பாத்துக்கினு இருந்திருப்ப."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, நான் முதுகைத் தடவிக் கொடுக்கவேண்டியதாயிற்று. பதினைந்து நாள் கழித்து அதே நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அவளை அனுப்பிவிட்டு நான் விமானம் ஏறினேன்.

திரும்பி வந்ததும் குழுவில் நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டு, அட்மின் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். செல்வியக்காவின் குரல் செய்தி வந்தது. "டஸ்டர் உங்க கையிலியே இருக்கட்டும் டீச்சர். கரன்ட்ட அழிங்க, ரயில அழிங்க, என் மாமியாரக்கூட அழிங்க. நாத்தத்த மட்டும் அழிக்காதீங்க." அதன் கீழே வரிசையாகச் சிரிப்புகள். அப்படித்தான் என்னை மன்னித்தார்கள்.

குழு பழையபடி ஓடுகிறது. நாயகி தனியாக வீடு பார்த்துவிட்டாள், அதைப் பற்றித்தான் இப்போது பேச்சு. நடுவில் யாராவது நாத்தம் என்று எழுதினால் அரை நிமிடத்துக்குள் நான் கேட்டுவிடுகிறேன்: எந்தப் பக்கம், கண் எரிகிறதா, காற்று எங்கிருந்து அடிக்கிறது. அகிலாவுக்கும் ஒரு செய்தி அனுப்புகிறேன். அவளிடமிருந்து பதில் வரும்வரை உட்கார முடிவதில்லை. எழுந்து போய் இந்த வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துகிறேன். வெளியே பிர்ச் மரங்களும் ஈர மண் வாசமும் தவிர எதுவும் கிடையாது. முதல் தடவை எதற்கு என்று என் கணவர் கேட்டார். இப்போது கேட்பதில்லை. நான் கூடத்து ஜன்னலைச் சாத்தும்போது அவர் எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலைச் சாத்துகிறார்.