ஒத்தக்காது செய்த சைலன்சர்

அந்தப் பட்டறையில் சைலன்சர் வேலைக்கு ஒரே பெயர்தான்: திறந்து விடுவது. பைக்கைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் "அண்ணே, சத்தம் பத்தல" என்று சொல்லி முடிப்பதற்குள் பட்டறைக்காரர் சைலன்சரின் வாலை அறுத்து, உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளை உருவி மூலையில் வீசியிருப்பார். வண்டி வெடித்துக்கொண்டு கிளம்பும். கைக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த வீடுகளிலிருந்து அவருக்கு வாயாரத் திட்டு கிடைக்கும். மனிதர் அதையும் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, "பாத்தியா, தெருமுனை வரைக்கும் கேக்குது!" என்று பூரித்துப்போவார்.

அவர் அறுத்ததை ஒட்டிக் கொடுப்பது அவருடைய தங்கை. நாற்பத்தொரு வயது. பாய்லர் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் வெல்டராக இருந்தவள். அவள் நின்ற இடத்துக்கு இடது பக்கம்தான் தகடு அடிக்கும் மேடை. நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். தொழிற்சாலை மூடியபோது கை நிறையத் தொழிலும் அரைகுறை இடது காதும் அவளுக்கு மிஞ்சின. குக்கர் விசில், போன் மணி, கீச்சென்று வருகிற எதுவும் அந்தக் காதில் ஏறாது. அண்ணன் பட்டறைக்கு வந்த முதல் வாரமே 'ஒத்தக்காது' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். முடி அகலத்துக்கு மேல் வெல்டிங் தையல் போகாமல் ஒட்ட அந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை என்பது கிண்டல் செய்தவர்களுக்கும் தெரியும்.

ஆனால் அவளுக்கு ஆசை சத்தத்தின் மேல். ஒரு நல்ல எஞ்சின் பட்டறை வாசலில் வந்து நின்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்தால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுவாள். "நானும் ஒரு சைலன்சர் செஞ்சு பாக்கட்டுமாண்ணே?" என்று அவள் கேட்ட அன்று அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஒத்தக் காத வச்சுக்கிட்டு சத்தம் பாக்கப் போறியா? ஒட்டற வேலையப் பாரும்மா."

சொல் பேச்சு கேட்கிற பெண்ணாக இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் ஒரு வாரம் பொறுத்தாள். அண்ணன் ஊரில் இல்லாத நாளில் அவருடைய பழைய வண்டியின் சைலன்சரைப் பிரித்து, உள்ளே அடைக்கச் சூடு தாங்கும் கண்ணாடிப் பஞ்சு கிடைக்காமல், வீட்டில் பாத்திரம் தேய்க்க வாங்கிவைத்திருந்த கம்பி நார் மொத்தத்தையும் அடைத்தாள். வண்டி அழகாகத்தான் உறுமியது. கால் மணி நேரம் கழித்து நார் சூடேறி, பின்னாலிருந்து பொறி பொறியாகக் கொட்ட ஆரம்பித்தது. அண்ணன் திரும்பி வந்தபோது பட்டறையின் மானம் கப்பலேறியிருந்தது. வீட்டிலோ கணவர் கரிபிடித்த சட்டியைத் தூக்கிக்கொண்டு நார் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு அப்புறம்தான் கூரியர்காரர் வந்தார். பார்சல் பெட்டி கட்டிய வண்டி. பட்டறைக்காரரிடம் அவர் தன் குறையைச் சொன்னார்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இது மேலதான் குடித்தனம். சத்தம் பாருங்க, தையல் மெஷின் மாதிரி. கொஞ்சம் கம்பீரமா வேணும். ஆனா இன்னும் எட்டு நாள்ல வருஷாந்திர டெஸ்ட் இருக்கு. சத்தம் கூடினா பேப்பர் தரமாட்டாங்க."

"ரெண்டும் நடக்காதுங்க," என்றார் பட்டறைக்காரர். "சத்தம் வேணும்னா திறக்கணும். திறந்தா டெஸ்ட்ல ஊத்திக்கும். நீங்க வந்த வழியே போங்க."

அவர் பேசிக்கொண்டிருக்க, ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டியைத் தாண்டித் தங்கை தண்ணீர் எடுக்கப் போனாள். போகும்போது வண்டி வலது பக்கம் இருந்தது. கடகடப்பு, சடசடப்பு எல்லாம் சேர்ந்து விழுந்தன. திரும்பி வரும்போது இடது பக்கம். சடசடப்பைக் காணோம். அடியில் ஒரு தும், தும், தும் மட்டும். அவள் நின்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள். கோழி மாதிரி நாலு தடவை திருப்பியதில் கூரியர்காரர் பதறி, "அக்காவுக்குக் கழுத்து சுளுக்கா?" என்று கேட்டார்.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. செத்த காதில் விழாதது எதுவோ, அதுதான் மற்றவர்களுக்கு இரைச்சல். அந்தக் காதில் மிஞ்சுகிறதுதான் கம்பீரம். இத்தனை நாள் குறை என்று நினைத்தது ஒரு சல்லடை! அண்ணன் சைலன்சரைத் திறந்து விடும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்தே திறந்து விட்டிருக்கிறார்.

"நான் செய்யறேன்," என்றாள். "உங்க சைலன்சர்ல கை வைக்கல. இதே மாடல் ஒண்ணு பழசுல கிடக்கு, அதுல செய்யறேன். டெஸ்ட்ல தேறலன்னா அங்கேயே கழட்டிட்டு உங்களோடத மாட்டிடறேன்."

கூரியர்காரருக்கு இதில் நஷ்டம் இல்லை. தலையாட்டினார். அண்ணன்தான் முகம் சிவந்தார்.

"செய். ஆனா டெஸ்ட்ல சத்த மீட்டர் கோட்டத் தாண்டுச்சுன்னா, இனிமே நீ சைலன்சர் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. இரும்பு கேட்டு, ஜன்னல், சைடு ஸ்டாண்டு ஒட்டறது, அதோட நிறுத்திக்கணும். சம்மதமா?"

"சம்மதம்."

சொன்ன கையோடு அந்தப் பழைய சைலன்சரைத் தேடி எடுத்தாள். அப்புறம் ஆறு நாள். பழைய சைலன்சரைத் தையல் ஓரமாக அறுத்தாள். நடுத் தடுப்பை இரண்டு விரல் முன்னால் தள்ளி, கடைசி அறையைப் பெரிதாக்கினாள். அங்கே பொடித் துளை போட்ட குழாயை வைத்து, கம்பி வலை சுற்றி, வலைக்கு வெளியே கண்ணாடிப் பஞ்சை இறுக்கினாள். இந்தத் தடவை வீட்டு நாரைத் தொடவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்த கூரியர்காரரின் வண்டியில் மாட்டி ஓடவிட்டு, இடது காதைக் காட்டினாள். அடி நன்றாக விழுந்தது. வலது காதைக் காட்டினாள். சடசடப்பு இன்னும் இருந்தது. கழற்றி, பஞ்சைக் கூட்டினாள். இப்போது வண்டி மேட்டில் ஏறாமல் முக்கியது. மறுபடி அறுத்தாள், குறைத்தாள், ஒட்டினாள். ஏழு முறை அறுத்து ஏழு முறை ஒட்டினாள். ஆறாம் நாள் மாலை முகத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தாள். இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான் கேட்டது.

டெஸ்ட் நிலையத்துக்கு அண்ணனும் தன் வண்டியில் வந்திருந்தார். தங்கை தோற்பதைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பரிசோதகர் மீட்டரை முக்காலியில் நிறுத்தி, சைலன்சர் வாய்க்கு அரை மீட்டர் தள்ளி வைத்தார். எண்பத்தைந்து டெசிபல்தான் எல்லை. கூரியர்காரர் ஆக்சிலரேட்டரைத் திருகினார். கனமான, உருண்டையான ஒரு சத்தம் எழுந்தது. பக்கத்து வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"போச்சு," என்றார் அண்ணன் சந்தோஷமாக.

பரிசோதகர் மீட்டரைப் பார்த்தார். தட்டினார். மறுபடி பார்த்தார்.

"எண்பத்தொண்ணு."

"மீட்டர் கெட்டுப்போயிருக்கும் சார்!"

"எனக்கும் அந்தச் சந்தேகம்தான்," என்றார் பரிசோதகர். "உங்க வண்டிய வச்சு சரிபாத்துடலாம். கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்க."

நாலு பேர் பார்க்கிறார்களே என்ற பெருமையில் அண்ணன் யோசிக்காமல் உதைத்தார், திருகினார். கூரை அதிர்ந்தது. மீட்டர் தொண்ணூற்றெட்டில் போய் நின்றது. பரிசோதகர் கூரியர்காரரிடம் பேப்பரைக் கொடுத்துவிட்டு, அண்ணனுக்கு வேறொரு பேப்பரை எழுத ஆரம்பித்தார்.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. இந்த சைலன்சர மாத்தற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணக் கூடாது. தள்ளிட்டுப் போங்க."

பட்டறை மூன்று கிலோமீட்டர். வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணன் நூறு அடி தள்ளுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. கூரியர்காரர் தன் வண்டிச் சாவியைத் தங்கையிடம் நீட்டிவிட்டு, பெட்டிக்கு முன்னால் ஒண்டி உட்கார்ந்துகொண்டார். அவள் வண்டியை எடுத்து, அண்ணனுக்குப் பின்னால் வந்து, இடது காலை நீட்டி அவர் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்டில் தள்ளுவதற்கு வாகாக வைத்தாள்.

"ஏறி உக்காருண்ணே. ஹேண்டிலை மட்டும் பிடி."

அப்படியே கடைத்தெரு வழியாகப் போனார்கள். முன்னால் சத்தமே இல்லாமல் அண்ணன் வண்டி. பின்னால் தும், தும், தும் என்று அவள் செய்த சத்தம், காலடியிலிருந்து முதுகுத்தண்டு வரை ஏறியது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

அண்ணன் பாதையைப் பார்த்தபடியே முணுமுணுத்தார். "இனிமே சைலன்சரெல்லாம் நீயே பாத்துக்க."

வலது காதில் அது சுத்தமாக விழுந்தது.

"என்னண்ணே? கேக்கல!"

"சைலன்சர் வேல இனிமே உன்னோடதுன்னேன்!"

"இன்னும் சத்தமாண்ணே!"

அண்ணன் தலையைத் திருப்பி, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். "நம்ம பட்டறைல சைலன்சருன்னா இனிமே என் தங்கச்சிதான்!"

கடைத்தெருவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தன.

"கேட்டுச்சுண்ணே," என்றாள்.