கூனி இறாலும் நான் வைக்காத புள்ளியும்

போன வருடம் பள்ளி விடுமுறையில், போர்டிக்சன் கடற்கரைப் பக்கம் நடந்தது இது. நான் அறிவியல் ஆசிரியை. மிச்ச நேரத்தில் முதுகலை மாணவி. என் ஆராய்ச்சி கூனி இறாலைப் பற்றி. திமிங்கிலம் தின்னும் கிரில் மாதிரியே கூட்டங்கூட்டமாக வரும் பொடி இறால். இங்கே சமையலுக்குப் போடும் பிளாச்சான் என்ற இறால் விழுதைச் செய்வது இதில்தான். எந்த இனம் எந்தக் கரையில் இருக்கிறது என்று பார்த்து, வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். சொன்னால் எங்கள் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள்.

அன்று காலை, செம்பனைத் தோட்டம் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் வலை தள்ளினேன். மம்பாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து லென்ஸில் வைத்துப் பார்த்தால், அடேயப்பா! ஆண் இறாலின் மீசையில் உள்ள கொக்கியை வைத்துத்தான் இனம் பிரிப்போம். இதன் கொக்கி வேறு மாதிரி இருந்தது. இந்தக் கரையில் யாரும் பதிவு செய்யாத இனம்! அவசரத்தில் கைப்பேசியில் எடுத்த படமெல்லாம் மங்கல். போகட்டும், பேராசிரியரிடம் நேரில் காட்டலாம் என்று அத்தனையையும் பையில் போட்டு, இடம், தேதி எழுதிய சீட்டையும் உள்ளே வைத்து, பிரீசரில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

நல்ல வாசனைதான் என்னை எழுப்பியது. சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த என் கணவர், எனக்காக ஆசையாக இறாலை மாவில் கலந்து பொரித்து வைத்திருந்தார். சீட்டை மட்டும் பத்திரமாகத் துடைத்துப் பிரிட்ஜில் ஒட்டியிருந்தார்!

"என்னங்க... எல்லாத்தையுமா?"

"நீ தண்ணில நின்னு புடிச்சிட்டு வந்தியே, சாப்பிடத்தான்னு நெனச்சேன் லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் மனுஷன் முகம் செத்துப்போனது. அடுத்தடுத்த வார இறுதிகளில் அவரும் என்னோடு கடலில் இறங்கி வலை தள்ளினார். வழக்கமான இனம்தான் வந்தது.

"நீ பார்த்தது பொய்னு நான் சொல்லலம்மா. ஆனா நாளைக்கு இன்னொருத்தர் கேட்டா எடுத்துக் காட்ட ஒன்னாவது வேணும்ல" என்றார் பேராசிரியர்.

ஆய்வை ஒப்படைக்கும் நாள் நெருங்கியது. அந்தப் புள்ளி இருந்தால் என் ஆராய்ச்சியின் மதிப்பே வேறு. "போட்டுடு லா! நீ பார்த்தது நெசம்தானே? தின்னவன் நான் இருக்கேன், சாட்சி சொல்றேன்" என்றார் கணவர். சிரித்தேன். ஆனால் நிஜமாகவே புள்ளியை வைத்தும் விட்டேன். சிவப்பாக, எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! பிறகு யோசித்தேன். நான் மற்றவர்கள் வைத்த புள்ளிகளை நம்பித்தானே இத்தனை கரைகளில் அலைந்தேன்? ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு பாட்டிலில் பாதுகாத்து வைத்த ஓர் இறால் இருக்கிறது. என்னுடையதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? மனசே இல்லாமல் அழித்தேன்.

அந்த இனம் இங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்வேன். ஆனாலும் அந்தக் கரையை வெறுமையாக விட்டதுதான் என் வரைபடத்திலேயே நான் செய்த மிக நேர்மையான வேலை என்று, வலியோடுதான் என்றாலும், நம்புகிறேன்.