பானெட் ஆறும் வரை

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ஒரு சனிக்கிழமை காலை, கிள்ளானில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் நடந்தது.

அந்தப் போர்ச்சை ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டே சீட், மடக்கிவிடும் கூரை. வேலையில் இருந்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியது. பிரித்துப் புதுசாக்கிவிடுவேன் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குள் மனைவிக்குச் சிறுநீரகம் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்றாகிவிட்டது. அப்புறம் கால்களும் ஒத்துழைக்காமல் சக்கர நாற்காலி. காரைத் தாண்டி நாற்காலி நுழையாது. டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் வேன் கேட்டுக்கு வெளியே நிற்கும். நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்ற வேண்டும். மழை பெய்தால் இரண்டு பேரும் நனைவோம். எனக்கும் அறுபத்திரண்டு வயது. இடுப்பு விட்டுப்போயிருந்தது, மனசும்தான். கார் எப்படியாவது தொலைந்தால் போதும் என்றிருந்தது.

விற்கப் போகிறேன் என்றதும் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். சாவியைத் திருப்பினால், காலி பிஸ்கட் டின்னில் ஆணியைப் போட்டு ஆட்டுகிற மாதிரி கடகடவென்று சத்தம், பின்னால் நீலப் புகை. யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். பிஸ்டன் தேய்ந்திருந்தது. ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்டால் சத்தமும் புகையும் அடங்கிவிடும். ஆள் வருவதற்கு முன்பே அரை மணி நேரம் ஓடவிட்டு வை என்று டீக்கடையில் ஒரு நண்பர் யோசனை சொன்னார். நானும் அந்தச் சனிக்கிழமை அப்படியே செய்தேன்.

நாலாவதாக வந்தது காஜாங்கிலிருந்து ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். டூல் பாக்ஸோடு மோட்டார் சைக்கிளில் தனியாக வந்திறங்கினார். பழைய கார்களைப் பிரித்துக் கட்டுவதுதான் தொழிலாம். கார் வெள்ளத்தில் மாட்டியதா என்றுதான் முதலில் கேட்டார். கிள்ளானில் பெரிய வெள்ளம் வந்ததிலிருந்து, இந்த ஊர்க் கார் என்றாலே எல்லோரும் கேட்பது அது. இல்லை என்றேன். அது சத்தியமான உண்மை. தண்ணீர் அடுத்த லோரோங்கோடு, அந்தப் பக்கத்துச் சந்தோடு, நின்றுவிட்டது.

பிறகு அவர் எஞ்சின் மூடியான பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். அது இன்னும் சூடாகவே இருந்தது.

"வெளிய போயிட்டு வந்தீங்களா அங்கிள்?"

"இல்லம்மா... சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன்."

"பரவால்ல லா. ஆறட்டும். எனக்கு அவசரம் இல்ல."

டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார், தட்டித் தட்டிப் பார்த்தார். அப்புறம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம்! என் மனைவி வாசலுக்குச் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, என்னை டீ போடச் சொல்லிவிட்டு அவரோடு பேச்சில் இறங்கினாள். காலையில் கார் உறுமிய உறுமலில் ஜன்னலே அதிர்ந்தது. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

மணி ஒன்று தாண்டியதும் அவர் மறுபடி பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சீட்டில் உட்கார்ந்து சாவியில் கை வைத்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"கொஞ்சம் இரும்மா. ஸ்டார்ட் பண்ணா சத்தம் வரும், புகை வரும். அது தெரியக்கூடாதுன்னுதான் காலையிலயே சூடாக்கி வச்சேன். தப்புதான்."

அவர் தலையாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். அதே கடகட சத்தம், அதே புகை. தலையைக் குனிந்து, சத்தம் அடங்கும் வரை கேட்டுவிட்டு அணைத்தார். எஞ்சினை எப்படியும் முழுதாகப் பிரிக்கத்தான் போவதாகவும், அது தனக்குப் பெரிய விஷயம் இல்லை என்றும் சொன்னார். பிறகு, முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டார்.

"அங்கிள், இந்தக் கார் வெள்ளத்துல மாட்டுச்சா?"

காலையில் நான் சொன்ன உண்மையை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. கூனிக் குறுகிப் போனேன்.

"இல்லம்மா."

"சரி. அடுத்த வாரம் லோரி கொண்டு வரேன்."

அவர் போன பிறகு, "ஒருவழியா வாயத் தெறந்தீங்க" என்றாள் மனைவி.

இப்போது வேன் போர்ச்சுக்குள்ளேயே வருகிறது. நாற்காலி நேராக ஏறிவிடுகிறது. இன்னொன்றும் மாறியது. மனைவி மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம், பேச்சை வளர்க்கத் தெம்பில்லாமல் "ஆமாம்" என்றுதான் சொல்லிவந்தேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு போனபோது, ராத்திரி மாத்திரையை அவள் பாதி நாள் தொடுவதே இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை முறைத்தாள். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

களைத்துப் போனவன் ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்திருந்தேன்; அது பக்கத்தில் இருக்கிற உண்மையையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்பது, சூடான பானெட் மேல் வைத்த அந்தக் கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் உறைக்கிறது.