உப்புப் பட்டவரின் கடைசிச் சுற்று

எலிஹியோ மெத்ரானோவை அடக்கம் செய்யவேண்டிய நாளும் பெலிக்கன் பேஸ்பால் அணியின் அரையிறுதிக் கடைசி ஆட்டமும் ஒன்றாக வந்து தொலைந்தன. ஜெயித்தால் இறுதிச் சுற்று. தோற்றால் அடுத்த அக்டோபர் வரை பராஓனா ஊரில் பேச ஒன்றும் இருக்காது.

அவருடைய மகள் இவெலிஸ் மின்நிலையத்தில் பொறியாளர். அழுது முடித்துவிட்டாளா, இனிமேல்தான் அழப்போகிறாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். கெண்டி காலியானதும் தெருமுனைக் கடைக்குப் போனாள். ரசிகர் சங்கத்தார் அங்கேதான் டாமினோ பலகையைச் சுற்றி, ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பாவை மத்தியானம் மைதானத்துக்குக் கொண்டு வர்றோம்" என்றாள். "சுத்து வரணும்."



பெலிக்கன் ரசிகர் யார் செத்தாலும் கல்லறைக்குப் போகும் வழியில் சவப்பெட்டி மைதானத்துக்குள் போகும். தூக்குகிறவர்கள் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று ஆட்டக்காரன் ஓடும் தடத்திலேயே நடப்பார்கள். கடைசியில், ஓட்டம் முடிகிற ஹோம் பேஸில் பெட்டியின் அடி படும்படி இறக்குவார்கள். சங்கத் தலைவர் திபூர்சியோ அவுட் இல்லை என்று காட்டும் நடுவரைப் போல இரண்டு கைகளையும் விரித்து "ஸேஃப்!" என்று கத்துவார். கூட்டம் மொத்தமும் கை விரிக்கும். பாதிரியாருக்கு அதற்கப்புறம்தான் வேலை. குடித்துச் செத்தவனுக்கும் இந்தச் சுற்று உண்டு. பெண்டாட்டியை விட்டு ஓடியவனுக்கும் உண்டு.

எலிஹியோவுக்கு உண்டா என்பதுதான் சிக்கல். அவர் உப்புப் பட்டவர். அந்தக் கடற்கரையில் ராசி கெட்டவனுக்கு அதுதான் பெயர்.

அவர் ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்த்தவர். கல்யாணத்துக்கு முன்னால், ஓர் இறுதிப் போட்டியன்று, வேலை முடிந்து தாமதமாக வந்தார். சங்கத்தாரின் பியருக்காக ஐஸ் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில், இடதுபக்கப் பார்வையாளர் படியில் ஏறினார். பெலிக்கன் ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. இன்னும் ஒருவன் அவுட்டானால் கோப்பை. உயரே எழும்பிய பந்து இடது ஓரத்தில் நின்றவனின் கையுறைக்குள் விழுந்தது, வெளியே வந்தது. இரண்டு பேர் ஓடிவந்து ஓட்டம் எடுத்துவிட்டார்கள்; கோப்பை போயிற்று. பழிபோட ஆள் தேடிக் கூட்டம் திரும்பியபோது படியில் ஐஸ் சொட்டச் சொட்ட நின்றவர் எலிஹியோ.

அடுத்த சீசனில் இரண்டு முறை உள்ளே வந்தார். இரண்டு முறையும் தோல்வி. அதற்கடுத்த முறை வாசலிலேயே சத்தம் கேட்டது: "டேய், உப்பு வந்துட்டான்டா! கதவைச் சாத்து!" கத்தியவர் திபூர்சியோ. எல்லோரும் சிரித்தார்கள். எலிஹியோவும் சிரித்தார். பிறகு சற்று யோசித்தார். இருக்கலாம் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

அதன்பிறகு சாகும்வரை ஓர் ஆட்டத்தைக்கூட அவர் உள்ளே உட்கார்ந்து பார்க்கவில்லை. ஓர் ஆட்டத்தைக்கூட விடவும் இல்லை. இடதுபக்க மதிலுக்கு வெளியே பாதாம் மரத்தடியில் பியர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ரேடியோவோடு உட்கார்ந்துகொள்வார். டிக்கெட் மட்டும் தவறாமல் வாங்குவார். "வாங்காம இருந்தா திருட்டு. வாங்கிட்டு உள்ள போனா துரோகம்" என்பார்.

இவெலிஸின் சிறுவயது அந்த மரத்தடியில் கழிந்தது. பலகாரக்காரி செப்பாவின் தள்ளுவண்டியில் வாழைக்காய் பொரியும். உள்ளே திபூர்சியோவின் தம்போரா மேளம் அதிரும். பந்தின் மேல் மட்டை பட்டதும் இரைச்சல் மதிலைத் தாண்டி வந்துவிடும்; ரேடியோக்காரன் ஒரு கணம் பிந்தித்தான் சொல்வான். அந்த ஒரு கணத்துக்குள் அப்பாவும் மகளும் பந்தயம் கட்டுவார்கள்.

"ரெண்டு பேஸ்!"

"இல்லப்பா, கேட்ச்சு. பொம்பளைங்க மட்டும் கத்துறாங்க பாருங்க."

பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். பந்தயம் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. அணி ஜெயித்த நாட்களில் வெளியே வரும் கூட்டம் முதல் பியரை அப்பாவின் கையில் திணிக்கும்.

"நல்லவேளை வெளிய இருந்தே, உப்பு!"

"நான் இல்லேன்னா உங்களுக்கு ஏதுடா வெற்றி? ஒரு பியர் எந்த மூலைக்கு?"

பெரியவளானதும் அவளுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காமல் போயிற்று. தலைநகரில் படித்துத் திரும்பிய வருடம் கணக்கோடு வந்து நின்றாள். "அப்பா, மூணே ஆட்டத்தை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. நீங்க வெளிய நின்னும் பாதி ஆட்டம் தோத்திருக்காங்க."

எலிஹியோ பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நான் உள்ள போயிருந்தா மீதியும் தோத்திருப்பாங்க, குட்டி."



இப்போது கடையில் நின்றபோது அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பா உள்ளே போகவேண்டும், அன்றைக்கே அணி ஜெயிக்கவேண்டும். அந்தப் பெயரை வைத்த வாயாலேயே திபூர்சியோ அதை நீக்கவேண்டும். ஒரே ஆட்டத்தால் எதுவும் நிரூபணமாகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இவர்களுக்கு மூன்று போதுமாக இருந்ததே.

"நாளைக்கு வச்சுக்கலாமே" என்றார் ஒருவர்.

"இந்த வெயில்லயா?" என்றாள் இவெலிஸ்.

"ஐஸ் ஆலைக்காரர்தானே, தாங்குவாரு."

பக்கத்தில் நின்ற செப்பா, சொன்னவரின் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அந்த மனுஷன் பொணமா கெடக்காரு, உனக்கு நக்கலா?"

இன்னொருவர் வழி கண்டுபிடித்தார். "தலைகீழா சுத்தலாம். மூணாவது பேஸ்லேர்ந்து முதல் பேஸுக்கு. உப்பு தானா எறங்கிடும்."

"எங்கப்பா ரூல்ஸை மீறினதில்ல" என்றாள் இவெலிஸ்.

எல்லோரும் திபூர்சியோவைப் பார்த்தார்கள். அவர் டாமினோ கட்டைகளைக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார்.

"உள்ள வரணும்னு உங்கப்பன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கதவைத் தொறந்திருப்பேன்மா. அவன் கேக்கவே இல்லியே."

"நீங்க கூப்பிடவே இல்லியே, மாமா."

திபூர்சியோ கட்டைகளைப் பெட்டியில் போட்டு மூடினார். எழுந்து மேளத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

மத்தியானம் தண்ணீர் தெளித்திருந்த செம்மண்ணில் பெட்டி போயிற்று. பயிற்சியில் இருந்த ஆட்டக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கினார்கள். இரண்டாம் பேஸ் அருகே இவெலிஸ் ஒருமுறை திரும்பி இடதுபக்க மதிலைப் பார்த்தாள். உள்பக்கத்திலிருந்து அது இவ்வளவு குட்டையாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

ஹோம் பேஸில் பெட்டி இறங்கியது. திபூர்சியோ கைகளை விரித்தார். குரல் வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. செப்பாதான் கத்தினாள்: "ஸேஃப்!"

அடக்கம் முடிந்து வீடு திரும்பினால் ஒன்பது நாள் ஜெபத்தின் முதல் நாள். பெனிதா அத்தை ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். இவெலிஸ் அப்பாவின் பெலிக்கன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அத்தையின் விரல் மணியிலேயே நின்றுவிட்டது.

"அடி பாவி! அப்பன் மேல போட்ட மண்ணு கூட காயலியேடி!"

"ஆட்டம் முடிஞ்சதும் வந்துர்றேன், அத்தை."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரே அங்கதான் இருக்கு."

மைதானத்தில் சங்கத்தார் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் இன்னிங்ஸில் பெலிக்கனுக்கு ஓர் ஓட்டம். திபூர்சியோ அவளைப் பார்த்துத் தலையசைத்தார். 

அதோடு சரி. இரண்டாவது இன்னிங்ஸில் பந்து வீசுகிறவனுக்குக் கை சுளுக்கிக்கொண்டது. அடுத்து வந்தவனின் பந்துகளை எதிரணியினர் மாங்காய் அடிப்பதுபோல அடித்தார்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் ஒன்பதுக்கு ஒன்று. மேளம் தானாக நின்றது. வேர்க்கடலைக்காரன்கூடக் கூவுவதை நிறுத்திவிட்டான். தன் ஒரு நாள் நிரூபணம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இவெலிஸுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

மேல்படியிலிருந்து ஒரு கிழவி தொண்டை கிழியக் கத்தினாள்: "யோவ் எலிஹியோ! செத்தும் விடமாட்டியாய்யா நீ?"

 எங்கோ ஒருவன் அடக்க முடியாமல் சிரித்தான். அது படிப்படியாக இறங்கி வந்தது.

"போற வழியில டீமையும் கூட்டிட்டுப் போயிட்டாருப்பா!"

"பரலோகத்துக் கதவையாவது சாத்தி வைங்கடா!"

"உப்பு! உப்பு! உப்பு!" இடதுபக்கப் படிகள் முழுவதும் காலால் தட்டினார்கள். அவர் அத்தனை வருடம் உட்காராத படிகள் அவை. ஒன்பது ஓட்டம் வாங்கிய அணியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

திபூர்சியோ அவள் பக்கம் திரும்பினார். "மனசுல வச்சுக்காதம்மா. பசங்க வெளையாட்டுக்கு... நான் நிறுத்தச் சொல்றேன்."

"நிறுத்தாதீங்க" என்றாள்.

"எந்த மடையன் அந்த ஆளை உள்ள விட்டது?" என்று மறுபடி கிழவி.

இவெலிஸ் பெஞ்சின்மேல் ஏறி நின்றாள். அப்பாவின் சட்டை முழங்கால்வரை தொங்கியது.

"நான்தான் விட்டேன்!" என்று கத்தினாள். "நானேதான்! என்ன இப்போ?"

சீழ்க்கை, கூச்சல். வேர்க்கடலைத் தோல் ஒரு கை அவள் தலையில் வந்து விழுந்தது. "அப்பனுக்கேத்த பொண்ணு! அடுத்த வருஷம் நீ வெளிய நில்லுடி!"

"நிக்க மாட்டேன்! இங்கேயேதான் உக்காருவேன். தோத்தா என்னைத் திட்டுங்க!"

"திட்டுவோம்டி! நல்லாத் திட்டுவோம்!"

அப்போதுதான் அவள் அழுதாள். நின்றபடியே, எல்லோரும் பார்க்க, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு. செப்பா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், விழுந்துவிடக் கூடாதே என்று. கீழே மைதானத்தில் எதிரணியினர் பத்தாவது ஓட்டத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.