குரல் கண்டறியப்படவில்லை

எங்கள் பள்ளியின் கழிப்பறைக்குக் கதவு வருவதற்கு முன்பே பள்ளிக்கு இணையம் வந்துவிட்டது. அருப்புக்கோட்டையின் ஓரத்தில், நெசவாளர் தெருக்களை ஒட்டி இருக்கும் நடுநிலைப் பள்ளி அது. ஆசிரியர்கள் ஆளுக்கொரு ஆன்லைன் கருவியைத் தேடிப்பிடித்து வகுப்பில் பயன்படுத்த வேண்டும், பயன்படுத்தியதைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு ஏதாவது விளங்கியதா என்று அவர் கேட்கவில்லை. அதைப் போட்டோ எடுக்க முடியாது அல்லவா.

நான் ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவள். திருச்சுழியிலிருந்து வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் போனைத் தடவிக் கருவி தேடினேன். ஒரு கருவியைப் போட்டால் வகுப்புக் கம்ப்யூட்டரில் பூமி அழகாகச் சுற்றியது. இந்தியா வந்து சேர்வதற்குள் பீரியடு முடிந்துவிட்டது. இன்னொன்று வினாடி வினா. சரியான பதிலுக்கெல்லாம் மேளம் கொட்டிப் பட்டாசு வெடித்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது கருவி கொஞ்ச நாளைக்கு இலவசம் என்றது. அந்தக் கொஞ்ச நாளும் நான் மறந்துபோன கடவுச்சொல்லை மீட்பதிலேயே கழிந்தது.

கடைசியில் ஒரு குரல் பதிவுக் கருவி கிடைத்தது. நான் கேள்வியை அனுப்பினால், பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுப் போனில் பதிலைப் பேசி அனுப்ப வேண்டும். கருவி அதைக் கேட்டு நட்சத்திரம் போடும். மற்றவற்றைக் கண்டு எரிச்சலடைந்த எனக்கு இதைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷம் வந்தது. காரணம் ஒரே ஒரு பிள்ளை.

அவள் அந்த ஜூனில்தான் எங்களிடம் சேர்ந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். அவள் குரலை எங்களில் யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்டால் மரியாதையாக எழுந்து நிற்பாள். உதடு மட்டும் லேசாக அசையும். பயத்தில் நடுங்குகிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவோம். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் வாங்கினாள். பக்கத்தில் பார்த்து எழுதியிருப்பாள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தோம். ஆசிரியர் அறையில் விளக்கத்துக்கு எப்போதும் பஞ்சம் வராது.

பேச்சுக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான முகாமுக்கு அவள் பெயரை அனுப்பப் போவதாகத் தலைமையாசிரியர் சொன்னார். தேவைப்படுகிற பிள்ளைக்கு முகாம் நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடமே அப்படி எழுதிக் கொடுத்தால் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுத் தறி வேலையில் விட்டுவிடுவேன் என்று அவள் அப்பா அடித்துச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் சார், அவள் குரலை உங்களுக்குக் கேட்க வைக்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

நம் பக்கத்தில் பருத்தி ஏன் நன்றாக விளைகிறது என்பது கேள்வி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் பதில் வந்தது. முழுக்க முழுக்க விசைத்தறிச் சத்தம். அழுகிற பொம்மை ஒன்றைக் காட்டி, 'குரல் கண்டறியப்படவில்லை, உங்களால் முடியும், மீண்டும் முயலுங்கள்' என்றது கருவி. நான் அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, பிள்ளை பேசுகிற நேரம் மட்டும் தறியை நிறுத்தச் சொன்னேன். ஓடுகிற தறியை நிறுத்துவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று எனக்கு ஒரு பாடம் எடுத்துவிட்டு அவர் சம்மதித்தார்.

புதன்கிழமைப் பதிவு பளிச்சென்று இருந்தது. அம்மா "சொல்லு" என்கிறார். பிறகு அமைதி. தெருவில் ஒரு பைக் போகிறது. மறுபடி அமைதி. அம்மா "ம், சரி" என்கிறார். பின்னணி இரைச்சலே இல்லை, அருமை என்று கருவி பாராட்டியது. குரலும் இல்லை என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

மறுநாள் காலையில் அந்த அம்மாவே போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தறிய நிப்பாட்டி, பக்கத்துல நின்னு சொல்ல வச்சேன் டீச்சர். அம்புட்டையும் ஒழுங்காத்தான் சொல்லுச்சு. ஒங்க போனுதான் சரியில்ல."

பெற்ற தாயே இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. பள்ளி விட்டதும் நேராக அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

முன்கூடம் முழுவதும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. தற்செயலாகத் திரும்பியபோதுதான் அந்த அம்மா என்னைப் பார்த்தார். தறியை விட்டு நகராமல், கூடத்தின் மறுகோடியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து உதட்டை அசைத்தார். மகள் உதட்டை அசைத்துப் பதில் சொன்னாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மா இன்னும் ஏதோ அசைக்க, இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வீட்டில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

தறிகளை நிறுத்திவிட்டு அவர் அருகில் வந்தார்.

"தறி வீட்ல இப்படித்தான் டீச்சர் பேசுவோம். கத்துனாலும் கேக்காதுல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறியை நிறுத்திய அன்றும் மகள் உதட்டால்தான் பதில் சொல்லியிருக்கிறாள். அம்மா அதைக் கண்ணால் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டியிருக்கிறார். சத்தம் வரவில்லை என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நான் மகளிடம் கேள்வியைக் கேட்டேன். அவள் உதடு அசைந்தது. இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன். கரிசல், ஈரம் என்ற வார்த்தைகள் எனக்கே புரிந்தன. பள்ளிக்கூடத்தில் ஏன் பதில் சொல்லவில்லை என்றேன். அவள் அம்மாவைப் பார்த்து அசைக்க, அம்மா எடுத்துச் சொன்னார்.

"தெனமும் சொல்லுச்சாம். நீங்க கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டு இருந்தீகளாம்."

அன்று திரும்பும் பஸ்ஸில் நான் போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை அவளைத் தலைமையாசிரியர் அறைக்கு அழைத்துப் போனேன். அவர் முகாமுக்கான ஆன்லைன் படிவத்தைத் திறந்து வைத்திருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். ம், ம் என்று திரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். கண்ணை எடுக்காமல், பருத்தி ஏன் விளைகிறது என்று அவளைக் கேட்டார். அவள் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் நான் பார்த்தேன். அவர் படிவத்தின் அடுத்த கட்டத்தில் எதையோ தட்டிவிட்டு, "பாத்தீங்களா டீச்சர், பேசல" என்றார்.

வந்த ஆத்திரத்தில் என் கைப்பையைத் தூக்கித் திரைக்கு முன்னால் வைத்துவிட்டேன். பணிந்து போகிற ஆசிரியை என்று எனக்கு இருந்த நல்ல பெயர் அத்தோடு போனது. பிள்ளை பக்கம் திரும்பி, இங்கே தறி ஓடவில்லை, சாருக்கு உதடு பார்க்கத் தெரியாது, காதில் விழுகிற மாதிரி சொல் என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். காதில் விழவைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தறி வீட்டில் ஆபத்து என்றால் மட்டும், ஓடுகிற தறிகள் அத்தனையையும் தாண்டி மறுகோடிக்கு எறிகிற கத்தல்.

"கரிசல் மண்ணு ஈரத்தப் பிடிச்சு வச்சிக்கிரும் சார். அதான் மழை இல்லாட்டியும் பருத்தி வெளையுது."

சத்துணவுக் கூடத்திலிருந்து சமையல்கார அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். எட்டாம் வகுப்பு கப்சிப் என்று அடங்கியது. தலைமையாசிரியர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்திருந்தார். அந்த வருடத்தில் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு என் பையை நகர்த்திவிட்டு, நிரப்பிய படிவத்தை அழித்தார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா" என்றார்.