அய்யா பெயர் போட்ட சாக்கு

தொண்டிக் கடற்கரையில் இன்று எங்கள் குழு பிளாஸ்டிக் பொறுக்கியது. மாதாமாதம் பொறுக்கி, எடை போட்டு, குப்பை டிராக்டரில் ஏற்றிவிடுவோம்.

அலையோரம் ஒரு பிளாஸ்டிக் சாக்கு ஒதுங்கிக் கிடந்தது. கமுதியில் இருந்து நான் கொண்டுவந்த எங்கள் வீட்டுச் சாக்கு! மண்டியில் மாறிவிடக் கூடாதென்று மிளகாய் மூட்டைகளில் என்னைப் பெற்ற அய்யா சிவப்பு மையில் தன் பெயரை எழுதுவார். அது அழியவில்லை. போன மாதம் பாட்டில்களை அடைத்து நான் போட்ட முடிச்சும் அவிழவில்லை.

டிராக்டர்காரரிடம் காட்டினேன்.

"அண்ணே, இதை எங்கன கொட்டுனீங்க?"

"ஓடைக்கரையிலதாம்மா. வேற எங்கன எடம் இருக்கு? மழைத்தண்ணி இழுத்துட்டு வந்துருக்கும்."

நான் திரும்புவதற்குள் குழுத் தலைவர் அந்தச் சாக்கைத் தராசில் மாட்டிவிட்டார்.

"சார், இது போன மாசமே எடை போட்டது."

"இருக்கட்டும்மா. போன மாசத்தைவிடக் கூடக் காட்டணும்ல?"

சாக்கைப் போட்டோ எடுத்து அய்யாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"சாக்கு கிழியலேல்ல தாயி? உள்ள கெடக்கிறதக் கொட்டிட்டு எடுத்துட்டு வா, மிளகா வத்தல் அள்ளலாம்."

கொட்டலாம். எங்கே கொட்டுவது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.