பெட்ரோமாக்ஸில் எழுதிய பெயர்

விருது என்று யாராவது சொன்னால் எனக்கு மண்ணெண்ணெய் வாசனைதான் வரும். போன வாரம் டி.வி.யில் ஏதோ விருது விழா. தங்க நிறப் பொம்மை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு நடிகர் அழுதுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் துருப்பிடித்த சைக்கிள் செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தார் போலிருக்கிறது. வாசனை ஜன்னல் வழியாக வந்துவிட்டது. மருமகள் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். திறந்தே இருக்கட்டும் என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள். எண்பதைத் தாண்டியவனுக்கு இந்தப் பார்வையெல்லாம் பழகிப்போன சங்கதி.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் விருது வாங்கிய கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். அறுபதுகளின் நடுவில் கடலோரத்து முதுநகர் ஜங்ஷனில், கூட்ஸ் ஷெட் கிளார்க்காக வேலைக்குச் சேர்ந்தேன். சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். கடலைப் பார்த்தால் தலை சுற்றும். ஷெட்டுக்குள் கருவாட்டுக் கூடை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, முந்திரிக் கொட்டை, சாக்குத் தூசி எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை இருக்கும். முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பில் எழுதினேன். ஒரு மாதத்தில் அந்த வாசனை இல்லாவிட்டால் பசியெடுக்காது என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

அந்த ஷெட்டில்தான் எங்கள் நாடகக் குழு இருந்தது. ஜங்ஷன் நண்பர்கள் நாடக மன்றம் என்று பெயர் மட்டும் பெரிதாக வைத்திருந்தோம். மொத்தம் ஆறு பேர். பாயிண்ட்ஸ்மேன் கோவிந்தசாமிதான் டைரக்டர். ரயிலைத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவருக்கு நடிகர்களைத் திருப்புவது பெரிய காரியமா? எல்லோருக்கும் அவர் மாமா. மூட்டை தூக்கும் தங்கராசு பெண் வேடம் போடுவான். நாடகம் எழுதுவது நான். அந்தக் காலத்து மோஸ்தர்படி அடுக்குமொழியில் பொளந்து கட்டுவேன். "அலைகடலே, ஆழ்கடலே, அன்பனை அள்ளிய அரக்கக் கடலே" என்று மூன்று பக்கத்துக்கு ஒரு புலம்பல் எழுதியிருந்தேன். கடலுக்குப் போன புருஷன் புயலில் சிக்கித் திரும்பாதபோது மனைவி புலம்புவதாகக் காட்சி. நானே எழுதி நானே அழுதேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகை சாயங்காலம் ஐந்தரைக்கு, ஷெட் மூடிய கையோடு தொடங்கும். ஆறு மணி சுமாருக்கு விழுப்புரம் பாசஞ்சர் வரும். தகரக் கூரை அதிரும். பக்கத்தில் நிற்பவன் பேசினாலும் கேட்காது. அதற்காகக் கோவிந்தசாமி மாமா ஒரு சட்டம் வைத்திருந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும் அவரவர் நின்ற இடத்தில் நின்றபடி, தூக்கிய கையைக்கூட இறக்காமல் நிற்க வேண்டும். கடைசிப் பெட்டி போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர வேண்டும். தினமும் அதே நேரம், நாடகத்தில் அதே இடம். தம்பிக்காரன் வந்து "அக்கா, படகு வரல" என்பான். உடனே கூரை அதிரும். எல்லோரும் சிலையாகிவிடுவோம்.

ஒரு நாள் கருவாட்டுக் கூடைகளை ரயிலில் ஏற்றிவிட வந்த அஞ்சலை, சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மீனவக் குப்பத்துக்காரி. முப்பது வயது இருக்கும். தங்கராசு முந்தானையைக் கடித்துக்கொண்டு என் அரக்கக் கடலை முழங்கினான். அவள் சிரிக்கவில்லை. எழுந்து நேராக என்னிடம்தான் வந்தாள்.

"புருசன் வரலன்னு சேதி வந்தா பொம்பள இப்படி அழ மாட்டா சார். அடுப்ப எரிய உடுவா. அழுதுட்டா அவரு வர மாட்டாருன்னு இவளே சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

அவள் போன பிறகுதான் தங்கராசு சொன்னான், மூன்று வருஷத்துக்கு முன்னால் புயலில் போன படகில் அவள் புருஷனும் இருந்தானாம். நான் எழுதியதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. மறுநாள் மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அந்த இடத்தில் என்னதான் சொல்வது என்று அவளையே கேட்டேன். அங்கே வந்து நின்று ஒரே வரிதான் சொன்னாள். அதைக் கேட்டதும் தங்கராசு தன் புடவையை அவிழ்த்து மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டான். இனிமேல் நான் தம்பி வேஷம் போட்டுக்கிறேன் என்றான். அவனைப் போல நல்ல மனசுக்காரனை நான் நாடக உலகத்தில் அப்புறம் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரம் அண்ணாமலை நகரிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. அங்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு விரிவுரையாளர், தன் மாணவர்களோடு சேர்ந்து சிறு நாடகக் குழுக்களுக்கென்று ஒரு விருது ஆரம்பித்திருந்தார். நிபந்தனைகளைப் படித்தபோது எங்களைப் பார்த்தே எழுதியது போல இருந்தது. எட்டு பேருக்கு மேல் கூடாது. வாடகைச் சீன், திரை கூடாது. நடிப்பவர் எல்லோரும் வேறு வேலை செய்து பிழைப்பவராக இருக்க வேண்டும். பரிசு கோப்பை அல்ல, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. மின்சாரம் இல்லாத ஊரிலும் போய் நாடகம் போடட்டும் என்று. சிறந்த நடிகரின் பெயரை விளக்கின் மண்ணெண்ணெய்த் தொட்டியில் வெள்ளைப் பெயிண்டால் எழுதித் தருவார்கள்.

எங்களுக்கு ஆசை தலைக்கேறிவிட்டது. ஆனால் குப்பத்தில் பிரச்சினை கிளம்பியது. கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள் அதையே மேடையில் ஆடிக்காட்டுவதா என்று பஞ்சாயத்தில் பேச்சு. குப்பத்துத் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். பெரிய மீசை, சின்னக் குரல். கோவிந்தசாமி மாமாவும் நானும் அவரைப் பார்க்கப் போனோம். அவர் வலை பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், நானே வந்து பார்க்கிறேன், அசிங்கமாக இருந்தால் அவள் மறுபடி மேடை ஏறக் கூடாது, அதுவரை நோட்டீஸில் அவள் பெயர் வரக் கூடாது என்றார். அதனால் எங்கள் நோட்டீஸில் எல்லோர் பெயரும் இருக்கும். மனைவி வேடத்துக்கு நேராக மட்டும் 'ஓர் அம்மையார்' என்று இருக்கும்.

அஞ்சலையிடம் பயமா என்று கேட்டேன். "கூடைய எறக்கி வச்சிட்டு நிக்கிற எடம் எனக்கு இது ஒண்ணுதான் சார். இதுவும் போச்சுன்னா என்னா பண்றதுன்னு தெரியல" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குப்பத்திலிருந்து நாற்பது பேர் எங்களோடு ரயிலேறினார்கள். அண்ணாமலை நகரில் மாணவர்கள் போட்ட கீற்றுப் பந்தல், மூங்கில் தட்டி மறைப்பு, தரையில் ஜமக்காளம். முன்வரிசையில் நாட்டார் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தட்டிக்குப் பின்னால் வசனத்தை எடுத்துக்கொடுக்கும் வேலை எனக்கு.

நாடகம் நன்றாகத்தான் போனது. அஞ்சலை அடுப்பு மூட்டினாள், உலை வைத்தாள். தங்கராசு ஓடி வந்தான். "அக்கா, படகு வரல."

அவ்வளவுதான். மேடையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அஞ்சலையின் கையில் அகப்பை பாதி தூக்கியபடி இருக்கிறது. தங்கராசின் வாய் திறந்தபடி இருக்கிறது. யாரும் அசையவில்லை. வசனத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து "வரும், வரும்" என்று எடுத்துக்கொடுத்தேன். கோவிந்தசாமி மாமா என் வாயைப் பொத்தினார்.

"இரு மாப்ள. வண்டி போவுது."

சிதம்பரத்தில் அந்த நேரத்தில் எந்த வண்டியும் இல்லை. ஆனால் இரண்டு மாதமாக அந்த வரிக்குப் பிறகு தினமும் விழுப்புரம் பாசஞ்சர் போயிருக்கிறது. உடம்பு பழகிவிட்டது. மேடையில் நான்கு பேர் இல்லாத ரயிலுக்கு வழி விட்டு நின்றார்கள். முழுசாகப் பத்துப் பெட்டி போகும் நேரம். பந்தலில் இருமல்கூட இல்லை. தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். குப்பத்துப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாட்டார் குனிந்து துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பெட்டி போயிற்று. அஞ்சலை அகப்பையை உலையில் விட்டுக் கிளறினாள்.

"வரும். நீ சாப்ட்டுட்டுப் போ."

கைதட்டல் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தபோது கீற்று உதிரும்போல இருந்தது.

பரிசு எங்களுக்குத்தான். விரிவுரையாளர் விளக்கைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, அந்த மௌனத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். நான் எழுதாத அர்த்தமெல்லாம் அதில் இருந்தது. இந்த உத்தி யாருடையது என்று கேட்டார். நான் கொஞ்சம் மார்பை நிமிர்த்தினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் கோவிந்தசாமி மாமா உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். விழுப்புரம் பாசஞ்சர் கதையைக் கேட்டுப் பந்தலே சிரித்தது. விரிவுரையாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அஞ்சலையைப் பார்த்து, இல்லாத ரயில் போகும்வரை நீங்கள் என்னம்மா செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலீங்க. தெனமும் அந்த நேரத்துல அவரு மொகத்த நெனச்சிக்குவேன். இன்னிக்கும் நெனச்சிக்கிட்டேன்."

சிரிப்பு நின்றது. அவர் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை எடுத்து, நோட்டீஸைப் பார்த்தார். 'ஓர் அம்மையார்' என்றால் எதை எழுதுவது? எங்களைப் பார்த்தார். நாங்கள் நாட்டாரைப் பார்த்தோம். அஞ்சலை தரையைப் பார்த்து நின்றாள்.

முன்வரிசையில் நாட்டார் எழுந்தார். கையிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்தச் சின்னக் குரலை அன்றைக்கு எங்கிருந்துதான் ஏற்றினாரோ, பந்தல் முழுக்கக் கேட்டது.

"அஞ்சலைன்னு எழுதுங்க. கொஞ்சம் பெருசாவே எழுதுங்க. எங்க குப்பத்துப் பொண்ணு."

நான் அழுதேன். தங்கராசு என்னைவிடச் சத்தமாக அழுதான். திரும்பும்போது ரயில் பெட்டியில் நாற்பது பேரும் பெயிண்ட் காயாத விளக்கைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். யாரும் எழுத்தின்மேல் விரலை வைக்கவில்லை. முதுநகரில் இறங்கியதும் மாமா அதைப் பற்றவைத்தார். முன்னால் அஞ்சலை, அவள் தலைக்குமேல் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி நாட்டார், பின்னால் நாங்கள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. அப்படி ஒரு கர்வத்தோடு நான் அப்புறம் எந்தத் தெருவிலும் நடந்ததில்லை, என் கல்யாண ஊர்வலம் உட்பட.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் நாடகம் போட்டோம். எல்லா நோட்டீஸிலும் அஞ்சலை பெயர்தான் முதலில். அந்த விருது சில வருஷம் நடந்து நின்றுபோனது. மீட்டர் கேஜ் தண்டவாளம் போயிற்று, அந்தக் கூட்ஸ் ஷெட்டும் போயிற்று. மாமாவும் தங்கராசும் போய்ச் சேர்ந்தார்கள். அஞ்சலை போய்ப் பத்து வருஷமாகிறது.

ஆனால் இன்னொன்றும் காணாமல் போயிருக்கிறது. சென்ற மாசி மகத்துக்கு என்னை அந்தக் குப்பத்துக்குக் கூட்டிப்போனார்கள். மேடையில் ஏழெட்டுப் பெண்கள் நாடகம் போட்டார்கள். மைக்கில் ஒவ்வொருத்தி பெயரையும் சொன்னார்கள். முடிந்ததும் வேஷத்தோடு என் பக்கத்தில் வந்து தண்ணீர் குடித்த ஒரு பெண்ணிடம், பஞ்சாயத்தில் யாரிடம் கேட்டுக்கொண்டு நடித்தீர்கள் என்று விசாரித்தேன். அவளுக்கு நான் கேட்டதே புரியவில்லை.

"எதுக்கு தாத்தா கேக்கணும்?" என்றாள்.